வீட்டுத் தரகரிடம் எந்த விவரத்தை, எப்போது, எவ்வளவு தருவது: ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலும் தமிழகத்தின் பிற நகரங்களிலும் தரகர் மூலம் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள், வாங்குபவர்கள், தங்கள் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முனைபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஐந்து முறை வாடகை வீடு மாறியதிலும், குடும்ப வீடு ஒன்றை விற்றுக் கொடுத்ததிலும் நான் கற்றவை இதில் உள்ளன. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் வீடு தேடும்போது ஆண்டுதோறும் செய்யும் தவறுகளும் இதில் உள்ளன.

ஆதார் நகலை யாருக்கும் தரவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை, அது நடைமுறைக்கு ஒத்துவராது. எந்தக் கட்டத்தில், யார் கையில், எந்த வடிவில் தருகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டை இன்னும் பார்க்கவே இல்லாத நிலையில் தரகரின் வாட்ஸ்அப்புக்கு ஆதார், பான், சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, பிறகு வீடு பிடிக்காமல் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீடு அமையவில்லை, ஆனால் நகல்கள் அங்கேயே தங்கிவிட்டன.

1. தேடத் தொடங்கும் முன் செய்து முடிக்க வேண்டியவை

முதலில் ஒரு தனி கைப்பேசி எண் வேண்டும். குறைந்த கட்டணத் திட்டத்தில் ஒரு சிம் வாங்கி, கைப்பேசியின் இரண்டாவது இடத்தில் போட்டு, வீடு தேடும் வேலை முழுவதையும் அந்த எண்ணிலேயே நடத்துங்கள். உங்கள் வழக்கமான எண் வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் வருமானவரிக் கணக்கோடும் இணைக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணும் உங்கள் ஆதார் நகலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், வங்கியிலிருந்து பேசுவதாக நடித்து ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்வதே தனி எண்ணின் பயன். விளம்பர அழைப்புகளிலிருந்து கிடைக்கும் அமைதியும் உண்டு, ஆனால் அது இரண்டாம்பட்சம்.

அடுத்து, மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வையுங்கள். மை ஆதார் இணையதளத்தில் உள்நுழைந்து ஆதாரைப் பதிவிறக்கும் இடத்திலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் 12 இலக்க எண்ணில் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது இதைச் செய்ய முனைந்தால் இணையதளம் மெதுவாக இருக்கும், கடவுச்சொல் குறுஞ்செய்தி வராது, அவசரத்தில் பழைய முழு நகலையே அனுப்பிவிடுவீர்கள். ஆகவே இதை முன்பே செய்வது அவசியம்.

மூன்றாவதாக, ஆதாரின் கைரேகைப் பூட்டைப் போடுங்கள். ஆதார் செயலியிலோ மை ஆதார் தளத்திலோ இதைச் செய்யலாம். இதன் தேவை வீடு விற்பவர்களுக்கே அதிகம் என்பதால் காரணத்தை 8-ஆம் பகுதியில் விளக்கியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. எந்தத் தேதியில், யாரிடம், எந்த ஆவணத்தின் நகலை, எதற்காகத் தந்தோம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வையுங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் வேலை முடிந்தபின் நகல்களை அழிக்கச் சொல்லிக் கேட்கும்போது யாரிடமெல்லாம் கேட்பது என்பதை இந்தப் பக்கம் மட்டுமே சொல்லும். ஆறு வாரத் தேடலில் பேசிய தரகர்களின் பெயர்கள் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

2. யாருக்கு எது உண்மையில் தேவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாடகை வீடு அமையும் வழியில் தரகர், வீட்டு உரிமையாளர், ஒப்பந்தம் தட்டச்சு செய்பவர், காவல் நிலையம், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் வாடகை ஆணையம் என்று பலர் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது வேறு. புதியவர்கள் இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகக் கருதி, எல்லாவற்றையும் தரகரிடம் கொடுத்து, அவர் உரியவர்களிடம் சேர்த்துவிடுவார் என்று விட்டுவிடுகிறார்கள். தவறு தொடங்கும் இடம் இதுவே.

தரகருக்குத் தேவைப்படுபவை பகுதி, வாடகை வரம்பு, எத்தனை பேர், எப்போது குடிபுக வேண்டும், திருப்பி அழைக்க ஓர் எண் ஆகியவை மட்டுமே. அவருடைய வேலை இரு தரப்பையும் சேர்த்து வைப்பது. அதற்கு உங்கள் பிறந்த தேதியோ தந்தை பெயரோ பான் எண்ணோ வேண்டியதில்லை.

உரிமையாளருக்கு, வீடு முடிவான பிறகு, நீங்கள் யார் என்பதற்கு ஓர் அடையாள நகலும், வாடகை தவறாமல் வரும் என்ற நம்பிக்கைக்கு வேலை பற்றிய ஒரு சான்றும் தேவை. இது நியாயமான கோரிக்கை. வாடகைதாரரின் விவரங்களை உள்ளூர்க் காவல் நிலையத்தில் தரும் பொறுப்பும் பல நகரங்களில் அவருக்கு இருக்கிறது. அந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பி உரிமையாளரிடம் நேரில் தரலாம், தரகர் வழியாகப் போக வேண்டியதில்லை.

பான் எண் வரும் இடங்கள் மிகச் சில. ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டி, வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோரும் சம்பளக்காரருக்கு உரிமையாளரின் பான் தேவை. மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வாடகைதாரர் 2 விழுக்காடு வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும், 50 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர் 1 விழுக்காடு பிடிக்க வேண்டும். இவற்றிலும் பான் எண் இரு தரப்புக்கும் இடையே கைமாறுகிறது, தரகருக்கு அதில் இடமில்லை. 20,000 ரூபாய் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் தரகர் பான் அட்டை கேட்டால், எதற்கு என்று ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலும் "எல்லாரும் தர்றாங்க சார்" என்பதைத் தாண்டி விடை வராது.

3. விளம்பரத் தளங்களில் பதிவு செய்வது

வீட்டு விளம்பரத் தளங்களில் ஒரு வீட்டின் தொடர்பு எண்ணைப் பார்க்கப் பொத்தானை அழுத்தும்போது, உங்கள் எண்ணும் மறுபக்கத்துக்குப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து வீடுகளின் எண்ணைப் பார்த்தால் பத்துப் பேரிடம் உங்கள் எண் இருக்கும். அவர்களில் பலர் உரிமையாளர் என்று போட்டுக்கொண்ட தரகர்களே. ஆகவே படங்களையும் விவரங்களையும் முழுமையாகப் படித்து, உண்மையிலேயே போய்ப் பார்க்கத் தகுந்த மூன்று நான்கு வீடுகளுக்கு மட்டும் அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.

பதிவு செய்யும்போது தனி எண்ணையும் தனி மின்னஞ்சலையும் தாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் உங்கள் பெயரின் முன்னெழுத்தைச் சற்று மாற்றிப் போடுவது ஒரு பழைய உத்தி. ஒன்றில் கே. குமார், இன்னொன்றில் எம். குமார் என்றிருந்தால், பிறகு யாரோ "எம். குமார் சாரா?" என்று கடன் விற்க அழைக்கும்போது எண் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். ஒப்பந்தம் வரை போகாத இடங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிபந்தனைகளை ஏற்கும் கட்டத்தோடு சேர்த்து, வீட்டுக் கடன், வீடு மாற்றும் சேவை, உள் அலங்காரம் ஆகியவற்றுக்காகத் தொடர்புகொள்ள ஒப்புதல் தரும் கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டு இருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். கைப்பேசிச் செயலி என்றால் தொடர்பு எண்களின் பட்டியலைப் பார்க்கும் அனுமதியை மறுத்துவிடலாம், வீடு தேட அது தேவையே இல்லை.

4. தரகரோடு முதல் பேச்சு

இந்தத் தொழில் நடக்கும் விதம் தெரிந்தால் எச்சரிக்கை தானாக வரும். ஒரு தரகர் கையில் எல்லா வீடுகளும் இருப்பதில்லை. உங்கள் தேவையை அவர் தம் வட்டாரத் தரகர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவார். வேறொருவரிடம் வீடு இருந்தால் இருவரும் கமிஷனைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இதில் தவறொன்றும் இல்லை, தொழிலின் இயல்பு இது. ஆனால் நீங்கள் ஒருவருக்கு அனுப்பும் செய்தி சில நிமிடங்களில் முகம் தெரியாத நூறு பேரைச் சென்றடையும். எனவே அப்படியே வேறு இடத்துக்கு அனுப்பப்படும் என்று கருதியே முதல் செய்தியை எழுத வேண்டும்.

நான் புதியவர்களுக்குத் தரும் மாதிரி இது: "வேளச்சேரி அல்லது மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு தேவை. குடும்பம், மூன்று பேர். வாடகை 18 முதல் 22 ஆயிரம் வரை. முதல் தளம், அல்லது லிப்ட் உள்ள கட்டடம். ஜூன் முதல் வாரத்தில் குடிபுக வேண்டும்." இதில் பெயர் இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, இப்போதைய முகவரி இல்லை. ஆனாலும் தரகர் வீடு தேடத் தேவையான அனைத்தும் இருக்கிறது.

அடுத்து அவர் கேள்விகள் கேட்பார். எந்த ஊர், சைவமா அசைவமா, எங்கே வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்பவற்றோடு, அதைவிடக் கூச்சமான கேள்விகளும் வரும். அவற்றுக்கு விடை சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மறுத்தால் சில வீடுகள் கைநழுவும் என்பதே நம் ஊர் நிலவரம். சொல்வதாக இருந்தால் வாயால் சொல்லுங்கள், எழுத்தில் தராதீர்கள். பேச்சு அந்த உரையாடலோடு போய்விடும். தட்டச்சு செய்த வரி உங்கள் எண்ணோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும்.

வீடு வாங்குவதாக இருந்தால் இங்கே கூடுதலாக ஒரு படி உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் மனையோ அடுக்ககமோ விற்றுத்தரும் முகவர் தாமும் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேட்டால் தயங்காமல் சொல்பவரிடமே அடுத்த கட்டத்துக்குப் போங்கள். பிரச்சினை வந்தால் புகார் செய்ய ஒரு முகவரி இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் தரகர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களிடம் அப்படிப்பட்ட எண்ணை எதிர்பார்க்க முடியாது, அவர்களிடம் தரும் விவரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

5. வீடு பார்க்கப் போகும்போது

அடுக்ககக் காவலாளியின் பதிவேட்டில் பெயர், தனி எண், போகும் வீட்டின் எண் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். பெருங்கட்டுமான நிறுவனங்களின் மாதிரி வீட்டைப் பார்க்கும் முன் ஒரு நீண்ட படிவம் தருவார்கள். ஆண்டு வருமானம், மனைவியின் வேலை, இப்போதைய வீடு சொந்தமா வாடகையா என்றெல்லாம் அதில் இருக்கும். அவற்றைக் காலியாக விட்டாலும் வீட்டைக் காட்டத்தான் செய்வார்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் காட்டலாம், படம் எடுத்துக்கொள்ள விட வேண்டியதில்லை.

6. அடையாள நகலைத் தயாரிக்கும் முறை

வீடு பிடித்து, வாடகையும் முன்பணமும் பேசி முடித்து, உரிமையாளரை நேரிலோ தொலைபேசியிலோ சந்தித்த பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். அதற்கு முன் யார் கேட்டாலும் "வீடு முடிவானதும் ஓனரிடமே தருகிறேன்" என்ற ஒரே விடை போதும். இதைச் சண்டையாகச் சொல்லாமல் இயல்பாகச் சொன்னால் எந்தத் தரகரும் முகம் சுளிப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஒரு மாத வாடகைக் கமிஷனே.

முதலில் எந்த அட்டை என்று முடிவு செய்யுங்கள். அடையாளத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்று உரிமையாளர் பிடிவாதம் பிடிக்காவிட்டால், வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ தரலாம் என்பது என் கருத்து. வாக்காளர் பட்டியல் ஏற்கெனவே பொதுவில் இருக்கும் ஆவணம், அந்த அட்டையால் புதிதாக வெளிப்படுவது குறைவு.

ஆதார் என்றால் மறைக்கப்பட்ட பிரதியையே பயன்படுத்துங்கள். ஆனால் அதைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்துகொள்ள வேண்டும். மறைவது முதல் 8 இலக்கங்கள் மட்டுமே. பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் அப்படியே தெரியும். ஆகவே மறைக்கப்பட்டதுதானே என்று அதைப் பத்துப் பேருக்கு அனுப்பக் கூடாது.

அடுத்த பிழை இன்னும் பரவலானது. பழைய அட்டையைப் படம் எடுத்து, கைப்பேசியிலேயே எண்ணின் மேல் கறுப்புக் கோடு போட்டு அனுப்புகிறார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, படத்திருத்தும் செயலிகளில் உள்ள சில பேனாக்கள் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் அடியில் உள்ள எண் தெரிந்துவிடும். இரண்டாவது, அட்டையில் இருக்கும் கியூ.ஆர். குறியீடு. பழைய அட்டைகளின் குறியீட்டில் முழு ஆதார் எண்ணும் அப்படியே பதிந்திருந்தது. பிறகு வந்த அட்டைகளில் முழு எண் இல்லாவிட்டாலும் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் எண்ணை மறைத்துவிட்டுக் குறியீட்டை விட்டுவைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவருவது போன்றது. பழைய அட்டையைக் கைவிட்டு, புதிதாகப் பதிவிறக்கிய மறைக்கப்பட்ட பிரதியை எடுத்து, குறியீட்டின் மேல் அடர்த்தியான கட்டம் ஒன்றைப் போட்டு, அதைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் புதிய படமாகச் சேமியுங்கள். திருத்திய கோப்பையே அனுப்பாமல் திரைப்பிடிப்பை அனுப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில பி.டி.எஃப். செயலிகளில் மேலே போட்ட கட்டத்தை மற்றவர் நகர்த்திவிட முடியும்.

பிறகு நகலின் மேல் எழுத வேண்டும். யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "மடிப்பாக்கம் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும், 12.05.2026" என்பது போல. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், ஆகவே புகைப்படத்தின் ஒரு பகுதியையும் பெயரையும் தொட்டுச் செல்லும்படி குறுக்காக எழுதுங்கள். அச்சிட்ட நகலிலும் இதையே பேனாவால் செய்து, எழுத்தின் மேலேயே கையொப்பம் இடுங்கள். வேறொருவர் இந்த நகலைக் காட்டிச் சிம் வாங்கவோ இன்னொரு வீட்டுக்காரரை ஏமாற்றவோ முனைந்தால் இந்தக் குறுக்கெழுத்தே முதல் தடையாக நிற்கும்.

வேலைச் சான்றுக்குப் பணி நியமனக் கடிதத்தை முழுதாகத் தர வேண்டாம். அதில் சம்பளம் முழுவதும் பிரித்துப் போட்டிருக்கும், அது தெரிந்தபின் வாடகைப் பேச்சில் உங்கள் கை தாழ்ந்துவிடும். நிறுவன அடையாள அட்டையின் முன்பக்கம் போதும். அதற்கு மேல் கேட்டால் மனிதவளப் பிரிவிடமிருந்து சம்பளம் குறிப்பிடாத பணிச் சான்று வாங்கித் தரலாம்.

அனுப்பும் வழியில் ஒரு கவனம் தேவை. ஆதார் தளத்திலிருந்து வரும் கோப்பு பூட்டியிருக்கும். உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அதன் கடவுச்சொல். பலர் கோப்பை அனுப்பி, அதற்குக் கீழேயே கடவுச்சொல்லையும் எழுதி அனுப்புகிறார்கள். பூட்டியதன் பயன் அத்தோடு முடிந்தது. முடிந்தவரை உரிமையாளரிடம் காகித நகலை நேரில் தருவதே நல்லது. காகிதம் ஒரே இடத்தில் இருக்கும். வாட்ஸ்அப் படம் அவர் கைப்பேசியின் படத்தொகுப்பிலும், தானியங்கிச் சேமிப்பிலும், அவர் மகனின் கணினியிலும் இருக்கும்.

7. முன்பணமும் ஒப்பந்தமும்

டோக்கன் அட்வான்ஸை யு.பி.ஐ. மூலம் அனுப்புபவர்கள் தங்கள் யு.பி.ஐ. முகவரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வழக்கமான கைப்பேசி எண்ணாகவே இருந்தால், இவ்வளவு நாள் காத்த எண் அந்தப் பரிவர்த்தனையோடு போய்விடும். எண் இல்லாத வேறு முகவரியைச் செயலியிலேயே அமைத்துக்கொள்ளலாம். பணத்தை உரிமையாளரின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்.

யாரும் எச்சரிக்காத இடம் ஒன்று இருக்கிறது: ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்யும் ஜெராக்ஸ் கடை. அங்கே உள்ள கணினியின் முகப்புத் திரையில் ஐம்பது பேரின் ஆதார்ப் படங்கள் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடம் கெட்ட எண்ணம் இல்லை, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். அங்கே போகும் முன் ஒப்பந்த வாசகத்தை வீட்டிலேயே தட்டச்சு செய்து கோப்பாக எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்டு முடிந்ததும் கோப்பையும், பதிவிறக்க உறையில் உள்ள பிரதியையும், குப்பைக்கூடையையும் உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். கடையின் கணினியில் உங்கள் மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்காதீர்கள். அவசரத்தில் திறந்திருந்தால், வெளியே வந்ததும் கைப்பேசியின் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதிக்குப் போய் அதைத் துண்டித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பை அப்படியே விட்டுவந்து, மூன்று நாள் கழித்துக் கவனித்த ஓர் இளைஞர் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்.

ஒப்பந்தத்தின் உள்ளே ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறிப்பிட்டால் ஆளை அடையாளம் காண அது போதும். தரகரும் ஒரு பிரதி கேட்பார். கமிஷன் வாங்கியதற்கு அவர் உங்களுக்கு ரசீது தரலாம், ஒப்பந்தப் பிரதி அவருக்கு உரியது அல்ல.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவும் செய்யப்பட வேண்டும். இதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது. இந்தப் பதிவைச் செய்துதருவதாகச் சொல்லித் தரகர் ஆவணங்களைக் கேட்பதுண்டு. நீங்களும் உரிமையாளரும் ஒன்றாக உட்கார்ந்து செய்துகொண்டால், ஆவணங்கள் உங்கள் கையிலிருந்து நேராக அரசுத் தளத்துக்கே போகும்.

8. விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் கவனிக்க வேண்டியவை

உரிமையாளருக்கு ஆபத்து இன்னும் பெரிது. அவரிடமிருந்து போகும் தாள்களில் சொத்தே இருக்கிறது.

தரகர் முதல் நாளே தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் "பார்ட்டிக்குக் காட்டணும்" என்று கேட்பார். வாங்க விரும்புபவர் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார் என்று தெரியும் வரை, இடத்தின் பரப்பு, கட்டடத்தின் வயது, எதிர்பார்க்கும் விலை ஆகியவற்றைச் சொன்னால் போதும். ஆள் வந்து வீட்டைப் பார்த்து, விலையும் பேசி, வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும் என்று கேட்கும்போது நகலைத் தாருங்கள், அதுவும் வாங்குபவரிடமே. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் தேவையான எண்களைச் சொன்னாலே பாதிச் சரிபார்ப்பு முடிந்துவிடும். பத்திரத்தின் அசலை எந்நிலையிலும் தரகர் கையில் தராதீர்கள். பார்க்க விரும்புபவர் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் எதிரில் பார்க்கட்டும்.

இங்கேதான் கைரேகைப் பூட்டு வருகிறது. பழைய கிரயப் பத்திரங்களில் பெருவிரல் ரேகையும், பலவற்றில் ஆதார் எண்ணும் இருக்கும். ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்துச் சிறு கடைகளில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதற்குக் கடவுச்சொல் குறுஞ்செய்தி வராது. சொத்துப் பத்திரங்களில் உள்ள ரேகையை ரப்பரில் அச்செடுத்து இவ்வாறு பணம் திருடிய வழக்குகள் பிற மாநிலங்களில் பதிவாகியுள்ளன. பூட்டு போட்டிருந்தால் அந்த அச்சு செல்லாது. ஆனால் பத்திரப் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் கைரேகை வழி ஆதார் சரிபார்ப்பு நடக்கக்கூடும், அன்று காலையில் பூட்டைத் திறக்க மறந்தால் வரிசையில் நின்று திண்டாட வேண்டியிருக்கும். பதிவு முடிந்ததும் மீண்டும் பூட்டுங்கள். பத்திர நகலைத் தரும்போது ரேகை உள்ள இடத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்து நகலெடுப்பதும் நல்லது.

வீட்டின் படங்களை எடுக்கும்போது குழந்தைகளின் படம், பள்ளிச் சான்றிதழ், பூஜை அறை, வாசலில் நிற்கும் வண்டியின் எண், மின் மீட்டர் அட்டை ஆகியவை படத்தில் விழாமல் பாருங்கள். மின் இணைப்பு எண் தெரிந்தால் மின்வாரியத்திலிருந்து பேசுவதாக நடித்து, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டுபவனுக்கு அது கைக்கருவி. படத்தைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் அதனுள் செல்லக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும்.

வாடகைக்கு விடுவதாக இணையத்தில் விளம்பரம் கொடுத்தவர்களைத் தேடி ஓர் அழைப்பு வருவதுண்டு. தாம் ராணுவ அதிகாரி, இடமாற்றத்தில் வருகிறேன், வீட்டை நேரில் பார்க்கத் தேவையில்லை, முன்பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்பார். நம்பிக்கைக்காக ராணுவ அடையாள அட்டை, ஆதார், பான் மூன்றையும் அனுப்புவார். பிறகு பணம் பெற இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடுங்கள் என்பார். பணம் பெறுவதற்கு ஒருபோதும் யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. அவர் அனுப்பிய அட்டைகள் போலியாக இருக்கலாம். அல்லது வேறு யாரோ ஒருவர் எங்கோ வீடு தேடும்போது, சிம் வாங்கும்போது குறுக்கெழுத்து இல்லாமல் கொடுத்த உண்மையான நகல்களாகவும் இருக்கலாம்.

9. கடன் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லும்போது

வீடு வாங்குபவரிடம் தரகரோ கட்டுமான நிறுவனத்தின் விற்பனையாளரோ ஆறு மாத வங்கிக் கணக்குப் பட்டியல், மூன்று சம்பளச் சீட்டுகள், வருமானவரித் தாக்கல், பான், ஆதார் ஆகியவற்றைக் கேட்டு, நான்கு வங்கிகளில் விசாரித்துச் சொல்வதாகக் கூறுவார். ஒரு மனிதரின் பொருளாதார வாழ்க்கை முழுவதும் ஒரே கட்டில் அடங்கும் இதை வங்கிக் கிளையிலோ வங்கியின் சொந்தத் தளத்திலோ மட்டும் நேரடியாகத் தாருங்கள். நான்கு வங்கிகளில் ஒரே வாரத்தில் உங்கள் பெயரில் கடன் விண்ணப்பம் போனால், அந்த விசாரணைகள் கடன் தகுதி அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடும்.

10. வேலை முடிந்தபின்

வீடு அமைந்த வாரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். ஒரு மாதம் போனால் எவருக்கும் செய்ய மனம் வராது. குறிப்பேட்டைத் திறந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள்: "எனக்கு வீடு அமைந்துவிட்டது. நான் 12-ஆம் தேதி அனுப்பிய அடையாள நகலையும் என் எண்ணையும் உங்கள் கைப்பேசியிலிருந்தும் குழுக்களிலிருந்தும் நீக்கிவிட்டு, நீக்கியதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்." எல்லோரும் செய்வார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் பிறகு புகார் செய்ய நேர்ந்தால், நீங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற்ற தேதிக்கு இதுவே சான்று.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை விளம்பரத் தளங்களில் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுவதே நடைமுறையில் பலன் தருகிறது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் கணக்கும் போய்விடும் என்று நினைப்பது பெரிய தவறு. கணக்கு நீக்கம் தனியாகச் செய்யப்பட வேண்டியது. வீட்டை விற்றவர்கள் தங்கள் விளம்பரத்தையும் படங்களையும் முதலில் எடுக்கச் சொல்லி, பிறகு கணக்கை நீக்க வேண்டும். வரிசை மாறினால் விளம்பரத்தைத் திருத்த வழியில்லாமல் போகும்.

தொல்லை அழைப்புகள் வேண்டாம் என்ற விருப்பத்தை 1909 மூலமோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் செயலி மூலமோ பதிவு செய்யுங்கள். அதில் ரியல் எஸ்டேட் என்றே ஒரு தனி வகை உண்டு. பதிவுக்குப் பிறகும் அழைப்பு வந்தால், வந்த 7 நாட்களுக்குள் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டுப் புகார் செய்ய வேண்டும். தனி சிம்மை உடனே கைவிட வேண்டாம். மூன்று மாதம் அணைத்து வைத்திருந்து, வங்கி, அரசுச் சேவை எதிலும் அந்த எண் பதிவாகவில்லை என்று உறுதி செய்த பின் விடுங்கள். கைவிட்ட எண் வேறொருவருக்கு ஒதுக்கப்படும்.

11. நகல் கசிந்துவிட்டதாகத் தோன்றினால்

முதலில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையது அல்லாத எண்ணை அங்கேயே குறித்து அனுப்பலாம். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், மற்ற மோசடிகள் பலவும் வேறொருவர் பெயரிலான சிம்மிலிருந்தே தொடங்குகின்றன. அடுத்து மை ஆதார் தளத்தில் ஆதார் பயன்பாட்டு வரலாற்றைப் பாருங்கள். நீங்கள் செய்யாத சரிபார்ப்பு தென்பட்டால் ஆதார் உதவி எண்ணான 1947-ல் தெரிவிக்கலாம்.

பான் நகல் போயிருந்தால் கடன் தகுதி அறிக்கையை எடுங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கு நிறுவனங்கள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் செலவின்றிக் கண்காணிக்கலாம். நீங்கள் கேட்காத கடனோ விசாரணையோ அதில் இருந்தால், அந்தக் கடன் தந்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள்.

பணம் போயிருந்தால் வேறு எதையும் செய்யும் முன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க முடியுமா என்பது நிமிடக் கணக்கில் இருக்கிறது. அதன்பின் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, குறிப்பேட்டின் பக்கத்தையும், தரகருக்கு அனுப்பிய நீக்கக் கோரிக்கையையும், குறுக்கெழுத்துள்ள நகலின் பிரதியையும் அதோடு இணையுங்கள். எந்த நகல் வெளியே வந்திருக்கிறது என்பது தெரிந்தால், அதில் எழுதியிருக்கும் பெயரும் தேதியும் அது யார் கையிலிருந்து போனது என்பதை விசாரணை அலுவலருக்குச் சொல்லிவிடும்.